காணி வழக்குக்கு மட்டக்களப்பு போறவர்கள் போனை எங்கே வைப்பது?

கொழும்பிலிருந்து ரயிலா பஸ்ஸா, பிள்ளைகளுக்கு என்ன மருந்து என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். இது இலண்டனிலிருந்து ஊருக்குப் போய் நீதிமன்ற வாசலை மிதிக்க வேண்டியவர்களுக்கு மட்டும். விடுமுறை என்று சொல்லிக்கொண்டு நம்மில் பலர் போவதே வேலிச் சண்டைக்கும் காணி உறுதிப் (பத்திர) பிரச்சினைக்கும்தான், மறைப்பானேன்.

இலண்டனில் பெரும்பாலான நீதிமன்றங்களுக்குள் போனைக் கொண்டுபோகலாம், சத்தத்தை நிறுத்தினால் போதும். படமெடுப்பதை 1925ஆம் ஆண்டுச் சட்டமும் அனுமதியில்லாத ஒலிப்பதிவை 1981ஆம் ஆண்டுச் சட்டமும் தடுக்கின்றன, ஆனால் பைக்குள் போன் கிடந்தால் யாரும் கேட்பதில்லை. அந்தப் பழக்கத்தோடு ஊரில் போய் நிற்காதீர்கள். நான் போன இடத்தில் (எந்த நீதிமன்றம் என்று சொல்லமாட்டேன், வழக்கு இன்னும் நடக்கிறது) வாசலிலேயே பொலிஸ் போனை மறித்தது. ஸ்மார்ட் வாட்சையும் கழற்றச் சொன்னார்கள். சட்டத்தரணிமார் போனோடு உள்ளே போவார்கள், "அவருக்கு மட்டும் ஏன்" என்று கேட்டு வரிசையை மறிக்காதீர்கள். எதிரே தேநீர்க்கடையில் சின்னக் காசுக்கு வாங்கி வைத்து இலக்கம் எழுதிய துண்டு தருவார்கள். என்னைக் கேட்டால் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவது நல்லது.

சரி, உங்கள் போனை விட்டாயிற்று. கூட வருகிறவர்களின் பையைப் பார்த்தீர்களா?

எங்கள் காணியை இத்தனை காலமும் பார்த்தது மாமிதான். மூல உறுதி 2004 சுனாமியோடு போய்விட்டது, காணிப் பதிவகத்தில் பிரதி எடுத்ததும் அவதான். பக்கத்துக் காணிக்காரர் வேலியை நகர்த்திப் போட்டுவிட்டார், பத்து வருடம் தடையில்லாமல் ஆண்டுவிட்டால் உரித்துக் கேட்கலாம் என்பதால் சும்மா இருக்கவும் முடியாது. ஆகவே மாமி சாட்சி, நான் பக்கத்தில் வெளிநாட்டுச் சொந்தம். இதற்குள் கனடாவிலிருக்கிற அண்ணன், "பொக்கற்றுக்குள்ள வைச்சுப் பதிஞ்சு அனுப்பு, என்ன சொல்றாங்கள் எண்டு நானும் கேக்கவேணும்" என்று முதல் நாளே தொடங்கிவிட்டார். இப்படிக் கேட்கிற உறவு எல்லாக் குடும்பத்திலும் ஒன்று இருக்கும். முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள். நீதிமன்ற அவமதிப்புக்கென்று 2024இல் தனிச் சட்டமே வந்துவிட்டது, மாட்டினால் அண்ணன் கனடாவில் இருப்பார், உள்ளே நிற்கப்போவது நீங்கள்.

நான் பதியவில்லை. ஆனால் எங்கள் வழக்கைக் கூப்பிட்டு மாமி எழும்பி நிற்கும் நேரம் பார்த்து அவவுடைய கைப்பைக்குள்ளிருந்து பிள்ளையார் பாட்டு. வெற்றிலைப் பைக்குக் கீழே பட்டன் போன் கிடந்திருக்கிறது, வாசலில் பொலிஸ் பெண்ணின் கண்ணிலும் படவில்லை. நீதிபதி நிமிர்ந்து பார்த்தார், நீதிமன்ற உத்தியோகத்தரான முதலியார் எழும்பி வந்தார், போனை வாங்கி மேசையில் வைத்துவிட்டு மாமியை ஓரத்தில் நிற்கச் சொன்னார்கள். முழங்கால் வருத்தத்தோடு அந்த மனுசி தேநீர் இடைவேளை வரைக்கும் நின்றா. சட்டத்தரணி மன்னிப்புக் கேட்டு, பின்னேரம் எச்சரித்துத் திருப்பித் தந்தார்கள். அன்றைக்குச் சாட்சியம் எடுக்கப்படவில்லை, தவணை போட்டாயிற்று.

"அது சின்னப் போன்தானே மனே, படமெடுக்காதே" என்றா வெளியே வந்ததும். அழைப்பு எடுத்தது யாரென்று பார்த்தால் அண்ணன், அங்கே நடுச்சாமம். அந்தப் போனை வாங்கிக் கொடுத்ததே நாங்கள்தான். எந்த நேரம் எடுத்தாலும் எடுக்கவேணும், பக்கத்தை விட்டு வைக்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லிப் பழக்கியதும் நாங்கள்தான். அவவில் கோபப்பட எனக்கு வாய் வரவில்லை.

மறுகா மற்ற விசயங்கள். போன் இல்லாவிட்டால் நமக்கு ஒன்றுமே தெரியாது, அதனால் சட்டத்தரணியின் இலக்கம், வழக்கு இலக்கம், ஓட்டோக்காரரின் இலக்கம் எல்லாவற்றையும் கடதாசியில் எழுதி வையுங்கள். உறுதிப் பிரதிகளும் அச்செடுத்தபடி கையில் இருக்கட்டும், பாஸ்போர்ட்டை போனில் காட்டலாம் என்று நினைக்காதீர்கள். கொப்பி பேனாவை என்னை யாரும் மறிக்கவில்லை. வடக்கு கிழக்கில் நீதிமன்ற மொழி தமிழ் என்பதால் நடப்பது உங்களுக்கு விளங்கும், அண்ணனுக்கு எழுதிக் காட்டலாம். வளவுக்கு வெளியே நின்றும் கட்டடத்தைப் படமெடுக்கவேண்டாம், ஆசை தீரக் கல்லடிப் பாலத்தில் எடுங்கள்.

வழக்கேட்டைப் போனில் எடுக்கலாமா என்று பதிவறையில் கேட்டு ஏச்சு வாங்காதீர்கள். விண்ணப்பித்துச் சான்றுப்படுத்திய பிரதி எடுப்பதுதான் வழி, அதற்கு நாளாகும், ஆகவே போய் இறங்கிய கையோடு விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள். திரும்பத் திரும்ப வரமுடியாதவர்கள், அங்கே நம்பிக்கையான ஒருவருக்கு அற்றோர்ணித் தத்துவம் (உங்கள் சார்பில் செயற்படும் அதிகாரம்) எழுதிக் கொடுப்பதைப் பற்றியும் சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

இன்னொன்று. பிள்ளைகளுக்கு லீவு என்று ஆகஸ்டில் டிக்கட் போடுகிறோம், நீதிமன்றத்துக்கும் ஆகஸ்டில் விடுமுறை வரும், ஏப்ரலிலும் டிசம்பரிலும் அப்படித்தான். தவணைத் திகதியை உறுதிப்படுத்திவிட்டு டிக்கட்டை எடுங்கள்.