வாத்து முட்டையிடுவதை நிறுத்திவிட்டதா? முதலில் படலைத் தாமதமாகத் திறந்து பாருங்கள்

திருவாரூர்ப் பக்கம் எங்கள் கொல்லையில் எட்டுக் காக்கி கேம்ப்பெல் பெட்டைகள் வளர்கின்றன. நன்றாகப் பராமரித்தால் ஆண்டுக்கு 300 முட்டை வரை தரக்கூடிய இனம் இது. சென்ற ஐப்பசியில், நாள்தோறும் ஆறேழு முட்டை கிடைத்துவந்தது போய், பத்தே நாளில் ஒரு முட்டைக்கு இறங்கிவிட்டது. காரணத்தைத் தேடி நான் அலைந்த வரிசையில் அல்லாமல், தேடியிருக்க வேண்டிய வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை, முட்டை உண்மையிலேயே நின்றுவிட்டதா என்று உறுதிசெய்வது. கோழி பகலிலும் முட்டையிடும். வாத்தோ விடியற்காலையில் தொடங்கிக் காலை 9 மணிக்குள் பெரும்பாலும் இட்டு முடித்துவிடும். அவை கத்துகின்றனவே என்று நான் 5.30 மணிக்கே படலைத் திறந்துவிட்டு, கொட்டகையில் முட்டை இல்லாததைக் கண்டதும் தீவனத்தின்மேல் பழிபோட்டு அதை இரண்டு முறை மாற்றினேன். திடீர்த் தீவன மாற்றமும் முட்டையைக் குறைக்கும் என்பதால், மறைந்திருந்த சிக்கலோடு புதிய சிக்கலையும் நானே சேர்த்துவிட்டேன். பிறகு ஒருநாள் வாழைச் சருகை அள்ளும்போது அதனடியில் 11 முட்டைகளும், வாய்க்கால் சேற்றில் நான்கும் கிடைத்தன.

ஆகவே ஐந்து நாள்களுக்குக் காலை 9 மணி வரை வாத்துகளை உள்ளேயே அடைத்து வையுங்கள். குடிநீரும் உள்ளேயே இருக்கட்டும். மூன்று வாத்துகளுக்கு ஒன்று என்ற கணக்கில், 30 செ.மீ. அகலமும் 30 செ.மீ. உயரமும் 45 செ.மீ. ஆழமும் உள்ள பெட்டிகளைச் சுவரோரம், தரையோடு தரையாக வையுங்கள். உள்ளே பரப்ப வைக்கோலைவிட உமியே சிறந்தது என்பது என் கருத்து. ஈரத்தில் வைக்கோல் விரைவில் பூஞ்சை பிடித்துவிடுகிறது. உடைந்த ஓடுகள் கிடந்தால் கீரி, பெருச்சாளி ஆகியவற்றையும் ஐயப்படுங்கள். பாம்பு முட்டையை முழுதாக விழுங்கிவிடுவதால் ஓடுகூட மிஞ்சாது.

அடைத்து வைத்தும் முட்டை வரவில்லையென்றால், வாத்தைக் கையில் பிடித்து, கழிவாயின் இரு பக்கமும் உள்ள இடுப்பெலும்புகளின் இடைவெளியைத் தடவிப் பாருங்கள். இரண்டு விரல் தாராளமாக நுழைந்தால் முட்டையிடும் வாத்து. ஒரு விரலுக்கே நெருக்கமாக இருந்தால் நிறுத்திவிட்டது என்று கொள்ளலாம். வயிறு புடைத்து, வாலைத் தொங்கவிட்டு முக்கிக்கொண்டிருந்தால் முட்டை சிக்கியிருக்கக்கூடும். அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.

அடுத்துத் தீவனம். வெறும் தவிடும் பழைய சோறும் போதாது. முட்டையிடும் வாத்துக்குப் புரதம் ஏறக்குறைய 18 விழுக்காடு தேவை. நான் முட்டைக்கோழித் தீவனத்தையே ஈரமாகப் பிசைந்து, கிளிஞ்சல் தூளைத் தனிச் சட்டியில் வைக்கிறேன். பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தையும் கடலைப் புண்ணாக்கையும் கண்டிப்பாக ஒதுக்குங்கள்; அவற்றில் உண்டாகும் அஃப்ளடாக்சின் நஞ்சை வாத்து கோழியளவுகூடத் தாங்காது. பிசைந்த தீவனத்தில் மிஞ்சியதை அன்றன்றே அகற்றிவிடுங்கள். தண்ணீர்த் தொட்டி, வாத்து தலையை முழுதும் நனைக்கும் ஆழத்தில் இருக்க வேண்டும்.

கொட்டகையெங்கும் இறகு கிடந்தால், உடலின் சத்து புது இறகுக்குச் செல்கிறது என்று பொருள். சில வாரங்கள் பொறுத்திருந்து, புரதத்தைக் குறைக்காமல் கொடுப்பதே போதும்.

பகல் குறைவதும் ஒரு காரணந்தான். ஆனால் நம் பகுதியில் மார்கழிப் பகலுக்கும் ஆனிப் பகலுக்கும் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரமே வேறுபாடு என்பதால், குளிர்நாட்டார் இதற்குத் தரும் முதலிடத்தை நான் தருவதில்லை. மற்றவை எல்லாம் சரியாக இருந்தும் முட்டை குறைந்தால், பகலும் விளக்கொளியும் சேர்ந்து 14 மணி நேரம் வருமாறு ஒரு சிறிய எல்.இ.டி. விளக்கை வையுங்கள், நேரத்தை ஒரேயடியாகக் கூட்டாமல் வாரத்துக்கு அரைமணி நேரமாகக் கூட்டுங்கள்.

பிற்சேர்க்கை: இதைப் படித்த சிலர், அடைத்து வைத்தால் வாத்துகள் மிரண்டு ஓடுகின்றன என்று எழுதியிருந்தார்கள். எங்கள் வாத்துகளும் முதல் இரண்டு நாள் அப்படித்தான் இருந்தன. முந்தின மாலைத் தீவனத்தைக் கொட்டகைக்குள்ளேயே வைத்து, விடியும் வரை நாய் அருகில் வராமல் பார்த்துக்கொண்டதில் மூன்றாம் நாள் அமைதியாகிவிட்டன. ஐந்தாம் நாள் காலை உமிக்குள் ஐந்து முட்டைகள் இருந்தன.