பைதனிலிருந்து மேகச் சேவையகத்தைப் பார்ப்பதும் நிறுத்துவதும்: ஆரம்பநிலையினருக்கான செய்முறை

தோட்டத்து மடுவத்தில் நிறுக்கப்படும் தேயிலைக் கொழுந்தின் கணக்கைப் பதிந்து வைக்கும் சிறு செயலியொன்றைச் செய்து, அதை அமேசான் வாடகைக்குத் தரும் ஈசி2 என்ற மேகச் சேவையகம் ஒன்றில் ஏற்றியிருக்கிறீர்கள் என்று கொள்வோம். பகலில் சோதித்துவிட்டு இரவில் நிறுத்த மறந்தால், இலவச வரம்பு முடிந்த பின்னர் யாரும் பயன்படுத்தாத மணித்தியாலங்களுக்கும் டொலரில் கட்டணம் ஏறும். ஹட்டனிலோ பண்டாரவளையிலோ படித்துக்கொண்டிருக்கும் ஒரு மாணவருக்கு அது சிறிய தொகையன்று. உலாவியில் உள்நுழையாமல், பைதனுக்கான போடோ3 என்ற நூலகத்தின் வழியாக அந்தச் சேவையகத்தின் நிலையைப் பார்த்து நிறுத்தும் முறையை இங்கே விளக்குகிறேன். செயற்கூறுகளின் பெயர்களை ஒலிப்பின்படி தமிழில் தருகிறேன். கோப்பில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில், சொற்களுக்கிடையே அடிக்கோடிட்டு எழுத வேண்டும்.

முதலில் அனுமதி. கணக்கின் மூல உரிமையாளருக்குரிய சாவியை ஒருபோதும் நிரலுக்குக் கொடுக்காதீர்கள். பயனர்களையும் அனுமதிகளையும் நிர்வகிக்கும் ஐஏஎம் பகுதியில் தனிப் பயனர் ஒருவரை உருவாக்கி, சேவையகங்களைப் பட்டியலிடும் அனுமதியையும் நிறுத்தும் அனுமதியையும் மட்டும் வழங்குங்கள். பட்டியலிடும் அனுமதியை ஒரு குறிப்பிட்ட சேவையகத்துக்கு மட்டும் என்று சுருக்க இயலாது; ஆனால் நிறுத்தும் அனுமதியை, 'சோதனை' போன்ற அடையாளக் குறிச்சொல் உள்ள சேவையகங்களுக்கு மட்டுமென வரையறுக்கலாம், அப்படியே வரையறுக்கவும் வேண்டும். இப்பயனருக்கான இரகசியச் சாவி உருவாக்கும் வேளையில் ஒரு முறை மட்டுமே காட்டப்படும் என்பதால் அப்போதே சேமித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, தனி மெய்நிகர் சூழலொன்றை அமைத்து, பைதன் நூலகங்களை நிறுவும் பிப் கட்டளையால் போடோ3ஐ நிறுவுங்கள். சாவிகளை நிரலுக்குள் எழுதக் கூடாது. கிட்ஹப்பில் நிரலைப் பகிரும் நாளில் அவையும் சேர்ந்தே வெளியே போய்விடும். உங்கள் இல்ல அடைவில் புள்ளியில் தொடங்கும் ஏடபிள்யூஎஸ் அடைவுக்குள் உள்ள கிரெடென்ஷியல்ஸ் கோப்பில் அவற்றை வைத்தால், நூலகம் தானாகவே தேடி எடுத்துக்கொள்ளும்.

சேவையகத்தைத் தொடுவதற்கு முன், அடையாளத்தைச் சரிபார்க்க உதவும் எஸ்டிஎஸ் சேவைக்கு ஒரு கிளையண்டை (சேவையுடன் பேசும் பைதன் பொருளை) உருவாக்கி, 'கெட் காலர் ஐடென்டிட்டி' என்ற அழைப்பை விடுங்கள். இதற்குத் தனி அனுமதி எதுவும் தேவையில்லை. திரும்பி வரும் விடையில் கணக்கு எண்ணும் பயனர் பெயரும் இருக்கும். எந்தச் சாவி பயன்படுகிறது என்பதில் ஐயம் எழும்போதெல்லாம் இந்த ஓர் அழைப்பே போதுமானது.

இனி ஈசி2 கிளையண்டை உருவாக்கும்போது பிராந்தியத்தைக் குறிப்பிட வேண்டும். உங்கள் சேவையகம் மும்பையில் இருந்தால் அதன் குறியீடு ஏபி-சவுத்-1, சிங்கப்பூரில் இருந்தால் ஏபி-சவுத்ஈஸ்ட்-1. பிராந்தியத்தை எங்குமே கொடுக்காவிட்டால் பிழை எழும். தவறான பிராந்தியத்தைக் கொடுத்தாலோ பிழை ஏதுமின்றி வெறும் பட்டியல் வரும், அதைக் கண்டு சேவையகமே அழிந்துவிட்டதாகப் பதற வேண்டாம்.

சேவையகங்களைப் பட்டியலிடும் 'டிஸ்கிரைப் இன்ஸ்டன்சஸ்' அழைப்பின் விடை இரண்டு அடுக்குகளாக வரும்: வெளியே ரிசர்வேஷன்ஸ் (ஒன்றாகத் தொடங்கப்பட்ட சேவையகத் தொகுதிகள்), ஒவ்வொன்றுக்குள்ளும் இன்ஸ்டன்சஸ் (சேவையகங்கள்). ஆகவே ஒன்றுக்குள் ஒன்றாக இரு சுழற்சிகள் தேவை. பட்டியல் பெரிதானால் பக்கம் பக்கமாக வரும் என்பதால், எல்லாப் பக்கங்களையும் வரிசையாக எடுத்துத் தரும், நூலகத்தின் பேஜினேட்டரைத் தொடக்கத்திலிருந்தே பயன்படுத்திப் பழகுங்கள். விடையில் வரும், சேவையகம் தொடங்கிய நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்கும். இலங்கை நேரம் அதற்கு 5.30 மணித்தியாலம் முந்தியது, அதாவது நமது மாலை 6.00 மணி அங்கே நண்பகல் 12.30.

மலையகத்தில் இருப்போர் கவனிக்க வேண்டிய ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். தோட்டப்புறங்களில் கைபேசி இணைப்பு நடுவே அறுந்துபோகலாம். போடோ3 இயல்பாக இணைப்புக்கு 60 செக்கன், விடையைப் படிக்க 60 செக்கன் காத்திருக்கும். கிளையண்டின் அமைப்புகளைக் கொடுக்கும் கான்ஃபிக் பொருளின் வழியாக இவற்றை 10 அல்லது 15 செக்கனாகக் குறைத்து, மறுமுயற்சி முறையை 'ஸ்டாண்டர்ட்' என வைத்தால், நிரல் விரைவில் தோல்வியை உணர்ந்து மீண்டும் முயலும். பட்டியலிடுதலையும் நிறுத்துதலையும் எத்தனை முறை திரும்பச் செய்தாலும் கேடில்லை. ஆனால் புதிய சேவையகம் உருவாக்கும் அழைப்பு அப்படிப்பட்டதன்று: விடை வருமுன் இணைப்பு அறுந்து, நீங்கள் நிரலை மீண்டும் ஓட்டினால், இரண்டு சேவையகங்கள் உருவாகி இரண்டுக்கும் கட்டணம் வரக்கூடும். அதைத் தவிர்க்கவே கிளையண்ட் டோக்கன் என்ற அளபுரு (அழைப்போடு கொடுக்கும் மதிப்பு) உண்டு. நீங்களே ஒரு மதிப்பைக் கொடுத்து, மறுமுறையும் அதே மதிப்பை அனுப்புங்கள்.

நிறுத்தும் படிக்கு வருவோம். 'ஸ்டாப் இன்ஸ்டன்சஸ்' அழைப்பில் சேவையக எண்ணோடு ட்ரைரன் என்பதை, டி, ஆர் இரண்டையும் பெரிய எழுத்தாக்கி, உண்மை எனக் கொடுத்து முதலில் ஓட்டுங்கள். சேவையகம் நிற்காது, ஒரு பிழை எழும். அப்பிழையின் குறியீடு ட்ரைரன் ஆப்பரேஷன் என்றிருந்தால் அனுமதி உண்டு என்று பொருள். அன்ஆத்தரைஸ்ட் ஆப்பரேஷன் என்றிருந்தால் அனுமதி இல்லை. வெற்றியும் பிழையின் வடிவில் வருவது புதியவர்களைக் குழப்பும் என்பதால், கிளையண்ட்எரர் விதிவிலக்கைப் பிடித்துக் குறியீட்டை அச்சிட்டுப் பாருங்கள்.

பின்னர் ட்ரைரன்னை நீக்கி உண்மையாக ஓட்டினால், விடையில் முந்தைய நிலையும் 'ஸ்டாப்பிங்' என்ற தற்போதைய நிலையும் தெரியும். அது நிற்கத் தொடங்கிவிட்டது என்பதை மட்டுமே சொல்கிறது. முழுமையாக நின்றதை அறிய 'இன்ஸ்டன்ஸ் ஸ்டாப்ட்' என்ற வெயிட்டரை (காத்திருந்து நிலையைப் பார்க்கும் கருவியை) அழையுங்கள்; அது 15 செக்கனுக்கு ஒரு முறையாக 40 முறை வரை நிலையைக் கேட்கும். நின்ற பிறகு கணிப்பு நேரத்துக்கான கட்டணம் நின்றுவிடும். இணைந்திருக்கும் ஈபிஎஸ் வட்டுக்கான கட்டணமோ அந்த வட்டை நீக்கும் வரை தொடரும்.