புதிய துணைவேந்தர் தம் மூன்றாண்டு இலக்குகளை வகுப்பது எப்படி?

தமிழ்நாட்டின் அரசுப் பல்கலைக்கழகங்களில் துணைவேந்தரின் பதவிக்காலம் பொதுவாக மூன்றாண்டுகள்; இளநிலைக் கலை, அறிவியல் படிப்பும் மூன்றாண்டுகளே. ஆகவே, தாம் பொறுப்பேற்கும் ஆண்டில் சேரும் மாணவர்கள் பட்டம் பெறும்போது எவை மாறியிருக்க வேண்டும் என்று எழுதிப் பார்ப்பதே இலக்கு வகுக்கச் சிறந்த வழி. ஆறு பருவங்களுக்குள் முடியாதவற்றை இலக்கு என அறிவிக்காமல், அடுத்து வருபவருக்கான தொடக்கப் பணிகள் எனத் தனியே குறிக்க வேண்டும்.

முதல் மாதத்தில் அறிவிப்பு எதுவும் வேண்டாம். தேர்வுப் பிரிவின் சாளரத்துக்கு முன்னே ஒரு முற்பகல் நின்று, யார் எதற்காக எத்தனையாவது முறை வந்திருக்கிறார்கள் எனக் கேட்டறிந்தால் போதும். மதிப்பெண் பட்டியலில் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தத் தொலைவிலுள்ள ஊரிலிருந்து பேருந்தேறி வரும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு, அந்தப் பயணம் ஒரு நாள் கூலியையும் சேர்த்தே இழப்பதாகும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2008ஆம் ஆண்டு விதிமுறை, மாணவர் தகுதி பெற வேண்டிய நாளிலிருந்து 180 நாள்களுக்குள் பட்டம் வழங்கச் சொல்கிறது. ஆனால் முதுநிலைச் சேர்க்கையும் வேலை நேர்காணலும் அதுவரை காத்திருப்பதில்லை. எனவே, கடைசித் தேர்வு, விடைத்தாள் திருத்தம், முடிவு, மறுமதிப்பீடு, தற்காலிகச் சான்றிதழ் ஆகிய ஒவ்வொன்றுக்கும் நாள் குறித்து, பொறுப்பான அலுவலரின் பதவிப் பெயருடன் பருவத் தொடக்கத்திலேயே வெளியிட வேண்டும். மாணவர்களுக்கான முதன்மை இலக்கு இதுவே என்பது என் உறுதியான கருத்து; புதிய கட்டடங்கள் பிறகு வரலாம்.

ஆசிரியர்களைப் பொறுத்தவரை, காலியிடங்களை நிரப்புவதாக வாக்களிக்கும் முன், இட ஒதுக்கீட்டின்படி எந்தப் பணியிடம் எந்தப் பிரிவினருக்கு என்று காட்டும் இனச்சுழற்சிப் பட்டியல் பிழையின்றி இருக்கிறதா என்று பதிவாளருடன் அமர்ந்து சரிபார்க்க வேண்டும். அதிலுள்ள ஒரு பிழையே நியமனம் முழுவதையும் நீதிமன்றத்துக்குக் கொண்டுசென்றுவிடக்கூடும். நியமனம் தாமதமாகும் காலத்தில் வகுப்புகளைத் தாங்கி நிற்பவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள் என்பதால், அவர்களுக்கு மாதந்தோறும் குறித்த நாளில் ஊதியம் கிடைக்கச் செய்வதை முதலாண்டு இலக்காக நிதிக்குழுவில் வைக்கலாம். நிலுவையிலுள்ள பணிமேம்பாட்டு விண்ணப்பங்களுக்கும் ஒரு காலவரையறை தேவை.

சமூகத்துக்கான இலக்கு ஊர்களின் எண்ணிக்கையைப் பெருக்குவதாக இருக்கக் கூடாது. 1969இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஒரு மாணவர் இரண்டாண்டுகளில் 240 மணி நேரம் பணியாற்றுகிறார். அந்த உழைப்பு ஆண்டுதோறும் வெவ்வேறு ஊருக்குச் சென்றால் தடம் பதிவதில்லை. வளாகத்தை அடுத்துள்ள ஓர் ஊராட்சியைத் தேர்ந்து, மூன்றாண்டும் அங்கேயே பணி தொடர வேண்டும். புவியியல் துறை ஏரிகளையும் வரத்துக் கால்வாய்களையும் வரைபடமாக்கலாம். வேதியியல் துறை கிணற்று நீரைச் சோதிக்கலாம். முடிவுகளை எளிய தமிழில் எழுதி, அக்டோபர் 2 கிராம சபையில் மக்கள் முன் வைக்கலாம். அங்கு எழும் கேள்விகளே அடுத்த ஆண்டின் ஆய்வுத் தலைப்புகளாகட்டும்.

ஒவ்வொரு பருவ முடிவிலும் எட்டியவற்றையும் எட்டாதவற்றையும் பல்கலைக்கழகத்தின் நிர்வாக அவையான ஆட்சிக்குழுவில் (சிண்டிகேட்) எழுத்து வடிவில் வைக்க வேண்டும். பதவி காலியாகி ஒருங்கிணைப்புக் குழு நிர்வகிக்கும் காலமும் வரலாம் என்பதால், ஆறாம் பருவத் தொடக்கத்திலேயே ஒப்படைப்புக் கோப்பைத் தொடங்கி, நிலுவைப் பணி ஒவ்வொன்றுக்கும் எதிரே அடுத்த கட்டம் என்ன, கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்பதைக் குறித்துவைக்க வேண்டும்.