முதலில் சாவியைத் திருப்பாதீர்கள்: ஹைட்ராலிக் ராணுவ வண்டியைச் சீரமைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தக்கலைக்குப் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்து ஷெட்டில் நிற்கும் வண்டியைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் குனிந்து கியர்பாக்ஸைத்தான் தேடுவார்கள். கிடையாது. கிளட்ச், புரொபெல்லர் ஷாஃப்ட் எதுவும் கிடையாது. டீசல் இன்ஜின் ஒரு பம்பைச் சுற்றுகிறது. பம்ப் தள்ளும் எண்ணெய் குழாய் வழியாகப் போய்ச் சக்கரத்தை ஒட்டியிருக்கும் மோட்டாரைச் சுற்றுகிறது. ராணுவக் கிடங்கில் பெட்டிகளைத் தூக்கி அடுக்கிக்கொண்டிருந்த சின்ன லோடர் அது. ஏலத்தில் போனதை நானும் என் மச்சானும் சேர்ந்து வாங்கினோம். ஏற்கெனவே ஜீப், ஜோங்கா எல்லாம் பிரித்து மாட்டியவர்கள்தானே, இது என்ன பெரிய விஷயம் என்று நினைத்தோம்.

ஜீப்பில் பழகிய கைதான் இங்கே ஆபத்து. பத்து வருடம் கிடந்த ஜீப்புக்குப் புது டீசல் ஊற்றி, பேட்டரி மாட்டி, 'ஸ்டார்ட் ஆகுதான்னு பார்ப்போம்' என்று சாவியைத் திருப்பலாம். பெரும்பாலும் வண்டிக்குக் கெடுதல் ஒன்றும் ஆகாது. ஹைட்ராலிக் டிரைவ் வண்டியில் அதே ஆசை அரை நிமிடத்தில் பம்பைத் தின்றுவிடும். உள்ளே ஒரு சுழலும் உருளையில் பெரும்பாலும் ஒன்பது பிஸ்டன்கள் இருக்கும். அவற்றின் வெண்கல அடிப்பாகங்கள் ஒரு சாய்ந்த தட்டின்மேல் வழுக்கி ஓடுகின்றன. தட்டு எவ்வளவு சாய்கிறதோ அவ்வளவு எண்ணெய் வரும். எதிர்ப்பக்கம் சாய்ந்தால் வண்டி பின்னால் போகும். இந்த வெண்கலமும் தட்டும் நேரடியாக உரசுவதே இல்லை, நடுவில் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கிறது. இடைவெளிகள் சில மைக்ரான்கள்தான். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வருடக்கணக்கில் நின்ற வண்டியில் பம்ப் வீட்டுக்குள் (அதன் வெளிக்கூட்டுக்குள்) இருந்த எண்ணெய் வடிந்து போயிருக்கும். எண்ணெய் இல்லாமல் பம்பைச் சுற்றினால் வெண்கலம் தட்டில் இழுபட்டுவிடும்.

சரி, எப்படிச் செய்வது? பழைய எண்ணெயை முழுக்க வடித்து ஒரு வெள்ளை வாளியில் பாருங்கள். மோர் மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. பொன்னிறத் துகள் மின்னினால் பம்பையோ மோட்டாரையோ பிரிக்காமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். பழைய ஃபில்டரைத் தூக்கி எறியாமல் அறுத்து, மடிப்புகளை விரித்துப் பார்ப்பது நல்லது. வண்டியின் ஜாதகம் அதில்தான் இருக்கிறது. புது எண்ணெயைத் தொட்டியில் ஊற்றினால் மட்டும் போதாது. பம்ப் வீட்டின் மேல்பக்கம் உள்ள கேஸ் டிரெயின் துளை (உள்ளே கசியும் எண்ணெய் வெளியேறும் துளை) வழியாக அதன் வயிற்றையும் நிரப்ப வேண்டும், உறிஞ்சு குழாயையும் நிரப்ப வேண்டும். அப்புறம் சார்ஜ் பம்ப் (கசிந்து போகும் எண்ணெயை ஈடு செய்யும் சின்னத் துணைப் பம்ப்) பக்கம் ஒரு பிரஷர் கேஜை மாட்டி, டீசலை அடைத்துவிட்டு, ஸ்டார்ட்டரால் மட்டும் விட்டு விட்டுச் சுற்றுங்கள். முள் அசைந்த பிறகுதான் இன்ஜின். பெரும்பாலான வண்டிகளில் சார்ஜ் அழுத்தம் 15 முதல் 25 பார் (அழுத்தத்தின் அலகு) வரை இருக்கும். உங்கள் வண்டிக்கு என்ன என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். இன்ஜின் ஓடியும் சில நொடிகளில் முள் ஏறவில்லை என்றால் உடனே நிறுத்திவிட வேண்டும். சக்கரம் நான்கும் தரையில் படாமல் வண்டி கட்டைமேல் நிற்பதும் அவசியம். சாய்தட்டு நடுநிலையில் சரியாக நிற்கவில்லை என்றால், லீவரைத் தொடாமலே வண்டி நகர ஆரம்பிக்கும். ஜாக்கை மட்டும் நம்பாதீர்கள்.

இவ்வளவும் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. வாங்கிய முதல் நாளே வேறொரு தவறைச் செய்து முடித்திருந்தோம். லாரியிலிருந்து இறக்கிய வண்டியை ரோட்டிலிருந்து ஷெட் வரை டிராக்டரில் கட்டி இழுத்தோம். முக்கி முனகி வந்தது. பிரேக் பிடித்திருக்கிறது என்று நினைத்து இன்னும் வேகமாக இழுத்தோம். நாகர்கோவிலில் பல வருடம் பம்ப் வேலை பார்த்த ஒரு அண்ணாச்சி வந்து பார்த்துவிட்டு, "மக்கா, பைபாஸைத் திறந்தியா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். எண்ணெய்க்கு மாற்று வழி விடும் பைபாஸ் வால்வு என்று ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது.

இந்த வண்டியை இழுக்கும்போது சக்கரம் மோட்டாரைச் சுற்றும், மோட்டார் பம்பாக மாறிவிடும். தள்ளிய எண்ணெய் போக வழியில்லாமல் அழுத்தம் ஏறும். இன்ஜின் நிற்பதால் சார்ஜ் பம்பும் நிற்கிறது. உள்ளே கசிந்து போகும் எண்ணெயை ஈடு செய்ய எதுவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் சூடு, பிறகு வறட்சி. மோட்டாரைப் பிரித்தபோது வால்வுத் தட்டில் நகத்தால் உணரக்கூடிய வட்டக் கீறல்கள் இருந்தன. நூறு மீட்டர் சோம்பலுக்கு அதுதான் விலை.

பைபாஸைத் திறந்தாலும் நடக்கும் வேகத்தில், கொஞ்ச தூரம்தான் இழுக்கலாம். அதோடு, பைபாஸ் திறந்த நொடியில் வண்டிக்கு எண்ணெய் தரும் பிடிமானம் போய்விடுகிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். சில வண்டிகளில் ஸ்பிரிங்கால் பிடிக்கும் பிரேக் இருக்கும். அதைக் கைப்பம்பால் விடுவித்துவிட்டால் பிடிக்க ஒன்றுமே இல்லை. குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கத்துச் சரிவுகளில் இதைச் செய்து பார்க்கவே வேண்டாம். டிரெய்லரில் வின்ச் போட்டு ஏற்றுங்கள், சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள்.

எண்ணெயின் நிறத்தைப் பார்த்து முடிவெடுப்பவர்கள் நிறைய. சிவப்பாக இருந்தால் ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெய் என்று அதையே வாங்கி ஊற்றுவார்கள். ராணுவத்தில் விமான ஹைட்ராலிக்குக்குப் பயன்பட்ட மில்-ஹெச்-5606 எண்ணெயும் சிவப்புதான். ஆனால் அது மிக மெல்லியது. 40 டிகிரியில் வி.ஜி. 46 என்ற வழக்கமான ஹைட்ராலிக் எண்ணெயின் பாகுத்தன்மையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். வண்டியில் உள்ள தகட்டையும் கையேட்டையும் படியுங்கள். பிரேக் ஆயிலை மட்டும் எந்தக் காரணத்துக்கும் இதில் ஊற்றக் கூடாது, நைட்ரைல் ரப்பர் சீல்கள் உப்பிக் கெட்டுவிடும்.

ஃபிட்டிங் விஷயத்தில் நம் ஊர்க் கடைகளின் பழக்கமே வேறு. கசிந்தால் டெஃப்லான் டேப். அந்த டேப்பின் ஒரு நூல் உள்ளே போய் வால்வில் மாட்டினால் வண்டி ஏன் ஒரு பக்கம் மட்டும் போகிறது என்று மாதக்கணக்கில் தேடுவீர்கள். ஜி.ஐ. குழாயும் வேண்டாம், துத்தநாகப் பூச்சு உரிந்து எண்ணெயோடு ஓடும். மரை அளவிலும் ஒரு கண்ணி இருக்கிறது. அரை இஞ்சு, முக்கால் இஞ்சு அளவுகளில் பி.எஸ்.பி. (பிரிட்டிஷ்), என்.பி.டி. (அமெரிக்க) என்ற இரண்டு குழாய் மரை வகைகளுக்குமே இஞ்சுக்கு 14 மரைதான். கையால் இரண்டு சுற்று சுகமாக ஏறும். ஆனால் ஒன்றின் மரைக் கோணம் 55 டிகிரி, மற்றதன் கோணம் 60. பைப் ரெஞ்ச் போட்டு இறுக்கினால் பம்ப் வீட்டையே விரிசல் விட வைக்கலாம்.

அடுத்தது தூசி. கடற்கரைப் பக்கம் ஷெட் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மணவாளக்குறிச்சிப் பக்கத்து மணலில் இல்மனைட், சிர்கான், கார்னெட் எல்லாம் இருக்கின்றன. கார்னெட்டை உப்புத்தாள் செய்யவே பயன்படுத்துகிறார்கள். அந்த மணல் பம்புக்குள் போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கழற்றிய ஒவ்வொரு வாயையும் அந்த நிமிடமே மூடியால் அடையுங்கள். வேஸ்ட் பஞ்சால் துடைக்காதீர்கள். நூல் உதிராத துணி போதும். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் எண்ணெய்த் தொட்டியைத் திறந்து போடும் வேலையையும் தள்ளிப்போடுங்கள். நமக்கு ஐப்பசி மழையும் சேர்த்து வருடத்தில் இரண்டு பருவம், காய்ந்த மாதங்கள் குறைவுதான்.

கசிவை விரலால் தடவிப் பார்ப்பது இந்த வேலையிலேயே மோசமான பழக்கம். 200 பார் அழுத்தத்தில் ஊசித் துளை வழியாக வரும் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாமல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே எறும்பு கடித்த மாதிரிதான் இருக்கும். வலி இல்லை என்று வீட்டுக்குப் போய்த் தூங்கினால் விரலையே இழக்க நேரிடலாம். உடனே அறுவை சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனைக்குப் போய், உள்ளே போனது ஹைட்ராலிக் எண்ணெய் என்று சொல்லுங்கள். கசிவைத் தேட ஒரு அட்டைத் துண்டு போதும்.

கடைசியாக, பெயிண்ட். எல்லோருக்கும் அந்தப் பச்சைதான் வேண்டும், எனக்கும்தான். ஆனால் 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-ஆம் விதி, பாதுகாப்புத் துறையின் வாகனங்கள் தவிர வேறு எந்த மோட்டார் வாகனத்துக்கும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது என்கிறது. ரோட்டில் ஓட்டும் எண்ணம் இருந்தால் ஏலத்தில் கிடைத்த காகிதங்களை ஒன்றுவிடாமல் வைத்துக்கொண்டு, நாகர்கோவிலோ மார்த்தாண்டமோ உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயிண்ட் வாங்குவதற்கு முன்பே பேசிவிடுங்கள். மச்சான் நான்கு லிட்டர் பச்சை பெயிண்டை முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தான். இப்போது எங்கள் தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டி ராணுவப் பச்சையில் நிற்கிறது, வண்டிக்கு மஞ்சள்.