மலைநாட்டு மழையில் வண்டி பெயிண்ட்: கழுவுவது, பொலிஷ், வெக்ஸ்

ஹட்டனில் த்ரீவீல் ஓட்டுகிறேன். வண்டி சிவப்பு. சிவப்பு பெயிண்ட் வெளுக்க ஆரம்பித்தால் மறைக்கவே முடியாது. ஒரு காலத்தில் என் வண்டியில் கையை வைத்தால் உள்ளங்கையில் ரோஸ் நிறத்தில் மாவு ஒட்டும். ஸ்டாண்டில் ஒரு அண்ணன் கேட்டார்: "என்ன தம்பி, வண்டிக்குக் குங்குமம் பூசியிருக்கியா?" அந்த வெட்கத்தில் கற்றுக்கொண்டதுதான் இதெல்லாம். கார், வேன் வைத்திருப்பவர்களுக்கும் முறை இதேதான். தகடு கூடுதல், வேலையும் கூடுதல்.

பாதிக்கு மேல் வேலை கழுவுவதில்தான் இருக்கிறது. டிக்கோயா பக்கம் தோட்டத்து ரோட்டில் ஒரு தடவை ஏறி இறங்கினால் மட்கார்ட் முழுக்கச் சேறு. பார்க்க வழவழவென்று களிமண் மாதிரி இருக்கும். கொஞ்சம் எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பாருங்கள், நறநறக்கும். அந்த நறநறப்பு குவார்ட்ஸ் மணல். கண்ணாடியையே கீறுகிற சாமான், பெயிண்டை விடுமா? அதனால் துணியைத் தொடும் முன்னே வெறும் தண்ணீரை மேலிருந்து கீழே ஊற்றிக்கொண்டே இருங்கள். காய்ந்த சேறென்றால் நனைத்துவிட்டு ஒரு பிளேன்டீ குடித்து வாருங்கள். ஊறி, தானே வழுக்கிக்கொண்டு இறங்கும்.

எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் பீலித் தண்ணீர் (மலையிலிருந்து குழாயில் விழும் தண்ணீர்) வருகிறது, எனக்கு அது பெரிய வசதி. ஆனால் பீலிக்கு நேர் கீழே வண்டியை நிறுத்திக் கழுவாதீர்கள். சவர்க்காரத் தண்ணீர் போகிற வழியில் கீழ் லயத்து ஆட்கள் குடம் வைத்திருப்பார்கள். இரண்டு வாளியில் பிடித்து வந்து தள்ளி நின்று கழுவுங்கள்.

இரண்டு வாளி என்றது வேண்டுமென்றேதான். ஒன்றில் கார் ஷாம்பு கலந்த தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். துணியால் ஒரு பக்கம் துடைத்ததும் வெறும் தண்ணீரில் அலசிப் பிழிந்துவிட்டுத்தான் மறுபடி ஷாம்பில் முக்க வேண்டும். சாயங்காலம் அந்த வாளியைச் சாய்த்து அடியில் பாருங்கள், ஒரு கரண்டி மணலாவது கிடக்கும். ஒரே வாளி என்றால் அவ்வளவும் திரும்பத் திரும்ப வண்டி மேலேதான் போயிருக்கும். துணி மைக்ரோஃபைபராக இருந்தால் நல்லது. ஓரத்தில் தைத்திருக்கும் லேபிளை வெட்டிவிடுங்கள், அதுவும் கீறும். ஹூட், முன்கண்ணாடி, பக்கத் தகடு என்று இறங்கி வந்து மட்கார்டையும் வீலையும் கடைசியில், வேறு துணியால். பின்னால் எஞ்சின் பக்கம் தண்ணீரை அடிக்காதீர்கள். ப்ளக் நனைந்தால் காலையில் கிக்கர் இழுத்தே தோள் கழன்றுவிடும்.

துணி கீழே விழுந்தால் அதோடு அதன் கதை முடிந்தது. நான் ஒரு தடவை விழுந்த துணியை உதறிவிட்டு அப்படியே தேய்த்தேன். பகலில் ஒன்றும் தெரியவில்லை. ராத்திரி கடை வாசலில் பல்ப் வெளிச்சத்தில் பார்த்தால், வெளிச்சத்தைச் சுற்றி வட்டவட்டமாகச் சிலந்தி வலை மாதிரிக் கீறல். அது வண்டி முழுக்க இருந்தது. அதைப் போக்கத்தான் பொலிஷ் போட வேண்டி வந்தது.

பாத்திரம் கழுவும் திரவம், உடுப்புத் தூள் இரண்டும் பழைய வெக்ஸை உரித்துவிடும். பொலிஷ் போடப்போகிற அன்று ஒரு தடவை பாத்திரத் திரவத்தில் கழுவலாம், அன்றைக்கு நமக்கு வேண்டியதும் அதுதானே. வாராவாரம் கூடாது. மண்ணெண்ணெயில் துடைத்தால் பளபளக்கும் என்பார்கள். பளபளக்கும்தான், அடுத்த தூசி வந்து அப்பிக்கொள்ளும்வரை.

கவ்வாத்து வெட்டிய தேயிலை மலைக்கு டொலமைட் என்ற சுண்ணாம்புத் தூள் போடும் நாட்களில் வண்டி மேல் வெள்ளைத் தூள் படியும். அதைக் காய்ந்த துணியால் தட்டவே கூடாது. பறவை எச்சத்துக்கு ஈரத் துணியைப் பத்து நிமிசம் போட்டு ஊறவிட்டு ஒற்றி எடுங்கள். நகத்தால் சுரண்ட வேண்டாம்.

கழுவித் துவாயால் ஒற்றிக் காயவைத்த பிறகு, ஒரு சொப்பிங் பேக்குக்குள் கையை விட்டுத் தகட்டைத் தடவுங்கள். வெறும் கைக்குத் தெரியாத சொரசொரப்பெல்லாம் தெரியும். அப்படி இருந்தால் க்ளே பார் என்ற அழுக்கெடுக்கும் களிக்கட்டி வாங்கி, ஷாம்புத் தண்ணீர் தெளித்து, அழுத்தாமல் இழுங்கள்.

பொலிஷும் வெக்ஸும் ஒன்று என்று நினைத்துத்தான் பலர் காசைக் கரைக்கிறார்கள். பொலிஷ் பெயிண்டின் மேல்தோலை மெல்லியதாகச் சீவி எடுக்கிறது, வெக்ஸ் அதன்மேல் ஒரு படலமாக உட்காருகிறது. சீவுகிற வேலையை வருசத்துக்கு ஒரு தடவைக்கு மேல் செய்யாதீர்கள். முதலில் கண்ணில் படாத மூலையில் துளி பொலிஷ் வைத்து வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். துணியில் வண்டியின் நிறம் ஏறினால் மேலே கிளியர் கோட் என்ற நிறமில்லாத பூச்சு இல்லை, நீங்கள் தேய்ப்பது நேரே நிறத்தையே. என் வண்டி அப்படித்தான். துணி செம்பருத்திப் பூ மாதிரி ஆகிவிடும். அப்படிப்பட்ட வண்டிக்குக் கூடுதலாகச் சீவும் கட்டிங் கம்பவுண்டை எடுக்காமல் மெல்லிய பொலிஷோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒரு தடவைக்கு ஒரு துவாய் அகலம் போதும். கடலை அளவு பொலிஷ், மிதமான அழுத்தம், நேர்கோட்டில் முன்னும் பின்னும், பிறகு குறுக்கே. மடிப்பிலும் ஓரத்திலும் பெயிண்ட் மெல்லிசு, அங்கே மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். ஒட்டாமல் தேய்த்ததால் என் மட்கார்ட் விளிம்பில் அடிப்பூச்சான சாம்பல் நிற ப்ரைமர் ஒரு விரல் நீளத்துக்கு இன்றைக்கும் எட்டிப் பார்க்கிறது.

வெக்ஸுக்கு எங்கள் ஊரில் நேரம் பார்க்க வேண்டும். கொழும்பில் தகடு சூடாக இருக்கக் கூடாது என்பார்கள். இங்கே தொல்லை ஈரம். காலையில் பனி காய்ந்த பிறகு, பத்து மணிக்கு மேல் தொடங்கி, மத்தியானப் பனிமூட்டம் ஏறிவரும் முன் முடிக்க வேண்டும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை நல்ல நாட்கள் கிடைக்கும். தென்மேற்கு மழை மே மாதம் பிடிக்கும் முன் ஒரு கை போட்டுவிடுங்கள். நான் ஒரு நாள் நாலு மணிக்குப் பூசினேன். ஐந்து மணிக்குப் பள்ளத்திலிருந்து பனி ஏறியது. வெக்ஸ் காயவே இல்லை. துடைத்தால் இழுபட்டது, விட்டால் மறுநாள் வெள்ளைக் கோடாக இறுகிவிட்டது. அந்த வெள்ளைக் கோட்டின் மேல் புது வெக்ஸைக் கொஞ்சம் தடவி, உடனே துடைத்துத்தான் மீண்டேன்.

மெல்லிசாகப் பூசுங்கள். தடிப்பாகப் பூசினால் துடைக்கும் வேலைதான் கூடும். மங்கலாகப் படர்ந்ததும் விரலால் ஒரு கோடு இழுங்கள். கோடு சுத்தமாக விழுந்தால் துடைக்கலாம், பிசுக்கென்று இழுத்தால் இன்னும் பொறுங்கள். கறுப்பு ப்ளாஸ்டிக்கிலும் ரெக்சின் ஹூட்டிலும் பட்டால் வெள்ளைத் தழும்பு நிற்கும். அது பழைய பல் துலக்கிக்குத்தான் அசையும்.

அடுத்த மழையில் தண்ணீர் சேம்பு இலையில் போல உருண்டோடினால் வேலை சரி. உருளாமல் தட்டையாகப் பரவினால் வெக்ஸ் போய்விட்டது. மழைக்காலத்தில் எனக்கு அது ஒன்றரை மாதம் தாங்கினாலே பெரிது.

துணிகளை வீட்டு உடுப்போடு ஊறப்போடாதீர்கள். பொலிஷ் துணியை நான் வாளியில் போட்டது தெரியாமல் வீட்டுக்காரி அதே வாளியில் மகனின் வெள்ளைப் பள்ளிக்கூடச் சட்டையைப் போட்டுவிட்டாள். திங்கட்கிழமை அவன் ரோஸ் கொலரோடு போனான்.