பிசியோ படித்துவிட்டு அமெரிக்கா வந்தவர்களுக்கு: கைரோபிராக்டிக் லைசென்ஸ் வரை

தமிழ்நாட்டில் பி.பி.டி. என்ற பிசியோதெரபிப் பட்டம் முடித்து, நாலைந்து வருடம் கிளினிக்கில் வேலை பார்த்து, கல்யாணமாகி எச்-4 என்ற துணைவர் விசாவில் டல்லாஸ் பக்கம் வந்து இறங்குகிறவர்கள் நிறையப் பேர். நானும் அப்படி வந்தவள்தான். கைரோபிராக்டிக் என்பது முதுகெலும்பைக் கையால் சரிசெய்யும் சிகிச்சை. வந்த கொஞ்ச நாளிலேயே யாராவது சொல்வார்கள்: "கைரோபிராக்டர் லைசென்ஸ் எடுத்துடுங்க. உங்களுக்கு எல்லாம் தெரிஞ்சதுதானே, ஒரு எக்ஸாம்தான்." தயவுசெய்து நம்பாதீர்கள். ஒரு கன்சல்டன்சி என்னிடம் இதையே சொல்லித் தேர்வுப் பயிற்சிக்கு 400 டாலர் வாங்கியது. அந்தத் தேர்வுக்கு விண்ணப்பிக்கக்கூட எனக்குத் தகுதி இல்லை என்பது பணம் கட்டிய பிறகுதான் தெரிந்தது.

தேர்வை நடத்துவது கொலராடோ மாநிலம் கிரீலியில் உள்ள தேசிய கைரோபிராக்டிக் தேர்வு வாரியம். எல்லோரும் என்.பி.சி.இ. என்பார்கள். அங்கீகாரம் பெற்ற கைரோபிராக்டிக் கல்லூரியில் டி.சி. (டாக்டர் ஆஃப் கைரோபிராக்டிக்) பட்டத்துக்குப் படித்தால்தான் தேர்வுக்குள்ளேயே போக முடியும். பி.பி.டி.யோ எம்.பி.பி.எஸ்.ஸோ அதற்கு ஈடாகாது. ஆனால் நம் பட்டம் கல்லூரியில் சேர உதவும். டல்லாஸில் பார்க்கர், ஜார்ஜியாவின் மரியெட்டாவில் லைஃப், அயோவாவில் பால்மர் என்று கல்லூரிகள் இருக்கின்றன. பார்க்கரில் பத்து டிரைமெஸ்டர் (நான்கு மாதப் பருவம்), கிட்டத்தட்ட மூன்றே கால் வருடம்.

இதற்கு முன்னால் ஒரு கேள்வியை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்: பிசியோவாகவே தொடர ஆசையா? அதற்கான வழி வேறு. ஊரில் படித்த பட்டத்தை இங்கே மதிப்பிடச் செய்து, என்.பி.டி.இ. என்ற பிசியோதெரபி லைசென்ஸ் தேர்வை எழுத வேண்டும். பலருக்கு அது செலவு குறைந்த வழி. முதுகெலும்பைக் கையால் சரிசெய்வதில் உண்மையான ஈடுபாடு இருந்தால் மட்டும் டி.சி.க்கு வாருங்கள்.

பண விஷயம் சுருக்கமாக: எச்-4 விசாவிலோ எஃப்-1 என்ற மாணவர் விசாவிலோ இருப்பவர்களுக்கு மத்திய அரசின் கல்விக்கடன் கிடையாது, கிரீன் கார்டு இருந்தால் உண்டு. எச்-4இல் படிக்கத் தடையில்லை. ஆனால் படித்து முடித்து வேலை பார்க்க அனுமதி வேண்டும், அது பெரும்பாலும் கணவர் அல்லது மனைவியின் ஐ-140 (கிரீன் கார்டுக்கான மனு) நிலையைப் பொறுத்தது. சேருவதற்கு முன்பே ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் பேசிவிடுங்கள்.

சரி, தேர்வுக்கு வருவோம். நான்கு பகுதிகள், கூடவே பிசியோதெரபி என்று ஒரு தனித் தேர்வு. முதல் பகுதியில் ஆறு பாடங்கள்: பொது அனாடமி, ஸ்பைனல் அனாடமி, பிசியாலஜி, கெமிஸ்ட்ரி, பேத்தாலஜி, மைக்ரோபயாலஜி. நம்மவர்கள் அனாடமியில்தான் அதிக நேரம் செலவழிக்கிறார்கள், பிடித்த பாடம் என்பதால். கெமிஸ்ட்ரியும் மைக்ரோபயாலஜியும் ஊரில் ஆரம்ப வருடங்களில் படித்து மறந்தவை. அங்கிருந்து தொடங்குங்கள். மதிப்பெண் 125 முதல் 800 வரை ஓர் அளவுகோலில் வரும், தேற 375 வேண்டும். இது சதவீதம் அல்ல.

ஸ்பைனல் அனாடமி தெரிந்ததுதானே என்று அதையும் தள்ளிவிடாதீர்கள். ஓர் உதாரணம். கால் கட்டைவிரலைத் தூக்க முடியவில்லை, வலி காலின் வெளிப்பக்கமாக இறங்குகிறது, முழங்கால் ரிஃப்ளெக்ஸும் கணுக்கால் ரிஃப்ளெக்ஸும் சரியாக இருக்கின்றன. எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் டிஸ்க்குகளில் எது பிதுங்கியிருக்கிறது? எல்5, அதாவது கீழ்முதுகின் ஐந்தாவது நரம்பு, என்பது உடனே வந்துவிடும். டிஸ்க் பொதுவாக எல்4-எல்5. ஏன்? எல்4 நரம்பு அந்த டிஸ்க்குக்கு மேலேயே வெளியேறிவிடுகிறது, பிதுங்கிய டிஸ்க் கீழே இறங்கிப்போகும் எல்5ஐ அழுத்துகிறது. கழுத்தில் கதை வேறு. அங்கே எலும்பு ஏழு, நரம்பு எட்டு. சி6 நரம்பு சி6 எலும்புக்கு மேலே வெளியேறுகிறது, அதனால் சி5-சி6 டிஸ்க் சி6ஐ அழுத்துகிறது. விடையை மனப்பாடம் செய்தால் கேள்வியைச் சற்றுத் திருப்பிக் கேட்டாலும் தடுமாறுவீர்கள். ஒரு காகிதத்தில் எலும்புகளை அடுக்கி வரைந்து நரம்பை விரலால் ஓட்டிப் பாருங்கள். நான் இதை இருபது தடவையாவது வரைந்திருப்பேன்.

இரண்டாவதும் மூன்றாவதும் நோயறிதல், எக்ஸ்ரே, நோயாளியைப் பற்றிய முடிவுகள் என்று போகும். கிளினிக்கில் வேலை பார்த்தவர்களுக்கு இங்கே ஒரு தெம்பு வரும்.

நான்காவது பகுதி செய்முறை. நோயாளியை விசாரித்துப் பரிசோதித்தல், அட்ஜஸ்ட்மென்ட் (முதுகெலும்பைக் கையால் தள்ளிச் சரிசெய்வது) முறை என்று நேரக் கணக்கோடு நடக்கும். அட்ஜஸ்ட்மென்ட்டில் கையை எங்கே வைப்பது, எந்தத் திசையில் தள்ளுவது என்று காட்டினால் போதும். உண்மையில் தள்ளக் கூடாது. நம்மில் பலருக்குச் சிரமம் கையில் இல்லை, பேச்சில்தான். "எங்கே வலிக்குது, எப்போ தொடங்குச்சு, சிறுநீர் போறதுல சிரமம் உண்டா" என்று தமிழில் ஓடும் வாய், தேர்வில் நோயாளியாக நடிக்கும் ஒருவர் எதிரே உட்கார்ந்து ஆங்கிலத்தில் கேட்க வேண்டும் என்றதும் நின்றுவிடும். நான் தினமும் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு கணவரைக் குப்புறப் படுக்கவைத்து, கண்மையால் அவர் முதுகில் எல்1இலிருந்து எல்5 வரை புள்ளி வைத்து, ஒவ்வொரு கேள்வியையும் ஆங்கிலத்தில் சத்தமாகக் கேட்பேன். மூன்று மாதத்தில் வாய் பழகிவிட்டது.

இவை முடிந்தபின் லைசென்ஸ் தரும் மாநில வாரியம். டெக்சஸில் மாநிலச் சட்டத் தேர்வு ஒன்று தனியாக உண்டு. கலிஃபோர்னியாவிலும் உண்டு. எந்த மாநிலத்தில் குடியிருக்கப் போகிறீர்கள் என்று முன்பே யோசித்து வையுங்கள்.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவிலோ வீட்டு விருந்திலோ யாராவது, "கழுத்து பிடிச்சிருக்கும்மா, கொஞ்சம் பாரேன்" என்று உட்காருவார்கள். ஊரில் சுளுக்கு எடுப்பது போலத்தான் அவர்கள் நினைக்கிறார்கள், தப்பில்லை. ஆனால் லைசென்ஸ் இல்லாமல் கழுத்தில் கை வைத்தால் சட்டப்படி குற்றம், உங்கள் எதிர்காலமே போய்விடும். "மாமா, காலேஜ் கிளினிக்குக்கு வாங்க, அங்கே டாக்டர் மேற்பார்வையில பார்க்கிறேன்" என்று சொல்லுங்கள். கழுத்து வலியோடு திடீர்த் தலைசுற்றல், பேச்சுக் குழறல், பார்வை இரட்டையாகத் தெரிவது என்று ஏதாவது சொன்னால் கிளினிக் எல்லாம் வேண்டாம், உடனே 911ஐ அழையுங்கள்.