பழைய மாணவர் பதிவேட்டில் தனியாக ஒரு கட்டம்

கோலாலம்பூரில் பல்கலைக்கழகத்துக்கு நிதி திரட்டும் பணியில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பழைய மாணவர் வாங்கிய பட்டத்தையும், அவர் எந்தப் பிரிவோடு தொடர்பில் இருக்க விரும்புகிறார் என்பதையும் ஒரே கட்டத்தில் பதியாதீர்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவரின் மனம் தமிழ்ப் பேரவையிலோ தங்கியிருந்த விடுதியிலோ இருக்கலாம். 1956இல் தொடங்கிய இந்திய ஆய்வியல் துறையில் இளங்கலை முடித்து, முதுகலையை வணிகத்தில் செய்தவரை எதில் சேர்ப்பது? அவரிடமே கேட்க வேண்டும். கடைசிப் பட்டத்தை வைத்து சிஸ்டம் தானாக முடிவு செய்வது பெரிய தவறு.

பட்ட விவரத்தைத் தொடவே வேண்டாம். பக்கத்தில் 'விருப்பப் பிரிவு' என்று தனிக் கட்டம் வையுங்கள். அவரே சொன்னாரா, எந்தத் தேதியில், போனிலா படிவத்திலா என்பதும் அதில் சேரட்டும். அப்புறம், ஒரு துறைக்கு நன்கொடை வந்துவிட்டது என்பதற்காக விருப்பத்தை மாற்றிவிடாதீர்கள். மறைந்த நண்பரின் நினைவாகக் கொடுத்திருப்பார். கணவன் மனைவி இருவரும் பழைய மாணவர்கள் என்றால் பதிவு தனித்தனியாக இருக்கட்டும், ஒரே கடிதம் போதுமா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மின்னஞ்சல் வேண்டாம் என்று ஒருவர் சொன்னால், அதை வேறு கட்டத்தில் குறியுங்கள்.